மேலூர்க்காரர் தவம் அண்ணை

தவம் அண்ணை இறந்த செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. பயண முகவர் நிலையத்தில் முன்பு எங்களோடு வேலை செய்த கலா அக்காதான் அழைத்தார். அவர் அழவில்லை. கோபமாகச் சொன்னார். "அஜக்ஸ் வெயார்ஹவுஸில பெட்டி தூக்கிக்கொண்டு நிக்கேக்க விழுந்திட்டாராம். அம்புலன்ஸ் வரமுதலே முடிஞ்சுதாம். அறுபது தாண்டின மனுசனை ஆரப்பா பெட்டி தூக்க விட்டது?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாள் இணையத்தில் மரண அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாணம் மேலூரைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸையும் கனடா ஸ்காபரோவையும் வதிவிடமாகவும் கொண்டவர் என்று அதில் எழுதியிருந்தது. அன்று பின்னேரம் தொடங்கி என் தொலைபேசி ஓயவில்லை. அழைத்தவர்களில் சிலர் எப்படி இறந்தார் என்று கேட்டார்கள். அநேகமானவர்கள் கேட்டது வேறு.

"பிள்ளை, நீ அவரோட வேலை செய்தனி தானே. உந்த மேலூர் எவடம்?"

"ஏன் அங்கிள்?"

"யாழ்ப்பாணத்தில அப்பிடியொரு ஊர் இல்லை. நான் ரியூசன் குடுத்து வலிகாமம், வடமராட்சி முழுக்கச் சைக்கிளில திரிஞ்சனான். எனக்குத் தெரியாத ஊரோ? ஆள் உண்மையில எவடம்?"

"செத்தவீடு ஞாயிற்றுக்கிழமை அங்கிள். வாறியளோ?"

"பாப்பம். ஸ்னோ கொட்டாட்டி வாறன்."

எவடம் என்றால் என்னவென்று இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊரின் பெயர் அந்தக் கேள்விக்குப் போதாது. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, யாருடைய வளவுக்குக் கிட்ட என்று கேட்டுக்கொண்டே போனால் சாதி தானாக வெளியே வந்துவிடும். ரொறன்ரோவில் ஒருவரும் சாதி கேட்பதில்லை. எவடம் என்றுதான் கேட்கிறோம். என்னை எங்கட பக்கத்துப் பிள்ளை என்று முடிவுகட்டிவிட்டபடியால் என்னிடம் கூச்சப்படாமல் கேட்டார்கள். பிரேதம் இன்னும் குளிரறையில் கிடந்தது.

தவம் அண்ணையின் பஸ்ஸில் ஏறிப் பாரிசுக்கும் லூர்துக்கும் போய்வந்தவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேலூர் எவடம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் அந்த முகவர் நிலையத்தில் இரண்டு கோடைகள் உதவியாளராக வேலை செய்தேன். ஸ்காபரோவிலிருந்து ஆட்களைச் சேர்த்து விமானத்தில் பாரிசுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு பஸ்ஸில் பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி என்று சுற்றிக் காட்டுவது வேலை. சுற்றிக் காட்டுவது என்று விளம்பரத்தில் இருக்கும். உண்மையில் எங்கள் ஆட்கள் எதையும் பார்க்க வருவதில்லை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இறங்கியதும் மச்சாள் வீடு, பெரியப்பாவின் மகன் வீடு என்று பிரிந்துவிடுவார்கள். போகாவிட்டால் கோவிப்பார்கள். ஈபிள் கோபுரத்தின் முன் ஒரு படம், லூர்து மாதாவிடம் ஒரு போத்தல் தண்ணீர், சுவிஸில் ஒரு பனிமலை, ஜெர்மனியில் ஒரு அம்மன் கோயில். மிச்ச நேரமெல்லாம் பஸ்ஸுக்குள் நித்திரை.

தவம் அண்ணைதான் குழுவின் பொறுப்பாளர். கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது எளிது. எல்லோரும் இருக்கும்போது அவர் நிற்பார். பஸ்ஸில் நிற்பார், சாப்பாட்டுக் கடையில் நிற்பார், விமான நிலையத்தில் கதிரைகள் காலியாக இருந்தாலும் நிற்பார். முதுகுவலியா என்று ஒருநாள் கேட்டேன். "இருந்து பழக்கமில்லைத் தங்கச்சி" என்றார். பகிடி என்று நினைத்தேன்.

முதல் கோடையில் பயணத்திட்டத்தைத் தட்டச்சு செய்யும்போதுதான் மேலூர் என்ற பெயரைக் கண்டேன். லூர்துக்கும் சுவிஸுக்கும் நடுவில், தென் பிரான்சில், அரை நாள். "உது மதுரைப் பக்கமெல்லோ அண்ணை?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்த ஊருக்குப் பிரெஞ்சில் நீளமான ஒரு பெயர் இருப்பதாகவும் அதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு நாக்குச் சுளுக்கிவிடும் என்றும் சொன்னார். முதலாளி அந்த வரியைக் கண்டதும் வெட்டிவிட்டார். ஒவ்வொரு வருடமும் இவர் எழுதுவதும் அவர் வெட்டுவதும் வழக்கமாம்.

மேலூரின் கதையை அவர் எனக்கு நெடுஞ்சாலை ஓரத்துப் பெற்றோல் நிலையம் ஒன்றில் சொன்னார். ஆட்கள் கழிப்பறை வரிசையில் நின்றார்கள். பஸ்ஸின் நிழலில் நாங்கள் இருவரும் நின்றோம்.

எண்பதுகளின் நடுவில் அவர் பிரான்சுக்கு வந்தபோது விசா இல்லை. பாரிசில் கோப்பை கழுவினார். கோடையில் ஒரு தமிழ் ஏஜென்ற் இளந்தாரிகளை வான் வண்டியில் ஏற்றித் தெற்கே பழத்தோட்டங்களுக்குக் கொண்டுபோவான். செரி, அப்ரிகொட், பிறகு திராட்சை. தோட்டத்துக் கொட்டிலில் படுக்கை. அந்தத் தோட்டத்துக்கு நேர் மேலே, மலையின் உச்சியில் ஒரு பழைய ஊர் இருந்தது. கல் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது போல இருக்கும். நடுவில் ஒரு கோயில் கோபுரம். ஏணியில் நின்று பழம் பிடுங்கும்போது நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். நான்கு கோடைகள் அவர் அந்த ஊரை அண்ணாந்து பார்த்திருக்கிறார். ஒருநாளும் மேலே போகவில்லை.

"தோட்டக்காரன் சொல்லிப்போட்டான், மேல போனா பொலிஸ் பேப்பர் கேப்பான், பிடிபட்டா நான் உங்களைத் தெரியாதெண்டு சொல்லுவன் எண்டு. பெடியள் அதுக்கு மேலூர் எண்டு பேர் வைச்சாங்கள்." கழிப்பறை வரிசையை ஒருதடவை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எனக்கு அது புதுசில்லைத் தங்கச்சி. ஊரிலயும் மேல்பக்கம் போகேலாது. இஞ்சையும் போகேலாது. நான் சந்தோசமாப் பழம் பிடுங்கினன்."

ஊரில் அவருடைய பக்கம் எது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய தகப்பனுக்குத் தேநீர்க் கடையில் கதிரை இல்லை. கடைக்கு வெளியே நின்று போத்தலில் வாங்கிக் குடிக்க வேண்டும். தவம் அண்ணை சின்ன வயதில் தகப்பனோடு அப்படி நின்றிருக்கிறார். போராடி, அடிபட்டு, சில கடைகளில் கதிரை கிடைத்த பிறகும் தகப்பன் இருக்கவில்லை. பழகிப்போய்விட்டது.

மேலூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. அந்த ஊரில கோயிலுக்கு முன்னால ஒரு முற்றம் இருக்காம், அதில ஒரு கோப்பிக் கடை இருக்காம். வெளியில கதிரை போட்டிருப்பாங்களாம். நான் அதில போய் இருக்கோணும். ஒருத்தன் வந்து, ஐயா உங்களுக்கு என்ன வேணும் எண்டு கேக்கோணும். குடிச்சுப்போட்டு இறங்கி வந்திடுவன்."

"தனியாப் போயிருக்கலாமே அண்ணை. ரிக்கற் என்ன, உங்களுக்குக் குறைஞ்ச விலைக்கு வருமே."

"தனியாப் போனா ஆர் பாக்கிறது?" என்றார்.

அந்தப் பதில் எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போதும் முழுதாகச் சம்மதமில்லை. யாருக்குக் காட்ட வேண்டும், ஏன் காட்ட வேண்டும் என்று அவரோடு பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன். அவர் எங்கள் ஆட்களின் முன்னால்தான் அந்தக் கதிரையில் இருக்க விரும்பினார். அதை விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது கோடையில் அவர் ஒரு தந்திரம் செய்தார். பயணத்திட்டத்தில் மேலூர் என்று எழுதாமல் மலைமாதா கோயில் என்று எழுதினார். முதலாளி வெட்டவில்லை, தடித்த எழுத்தில் போடச் சொன்னார். மாதா என்றால் எங்கள் சனம் கிறிஸ்தவம் சைவம் பார்க்காமல் காசு கட்டும் என்பது அவருடைய தொழில் அறிவு.

"மேல உண்மையிலயே மாதா இருக்கிறாவோ அண்ணை?" என்று கேட்டேன்.

"பிரான்சில மலையும் கோயிலும் இருந்தா உள்ளுக்க ஒரு மாதா இருப்பா. நீ பயப்பிடாத."

அந்தக் குழுவில் மகேஸ்வரி அன்ரி இருந்தார். எழுபது வயது இருக்கும். கணவர் இறந்தபின் மூன்று பிள்ளைகளும் காசு போட்டு அனுப்பியிருந்தார்கள். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் எல்லோருக்கும் முறுக்குக் கொடுத்தார், எனக்குத் தலையிடி வந்தபோது தைலம் பூசிவிட்டார். ஆனால் முதல் நாளே தொடங்கிவிட்டார்.

"தவம், நீர் ஊரில எவடம்?"

"மேலூர் அக்கா."

"எந்த மேலூர்?"

"கொஞ்சம் மேல."

பஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாள் வேறு வழியாக வந்தார். எந்தப் பள்ளிக்கூடம் படித்தது, எந்தச் சந்தையில் மீன் வாங்கியது. தவம் அண்ணை ஒவ்வொன்றுக்கும் ஒரு பகிடி விட்டுத் தப்பினார். சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அவவும் நானும் ஒரே ஊர். அவவின்ர தேப்பனை எனக்கு நல்லாத் தெரியும். அவவுக்கு என்னைத் தெரியாது. எங்களை அவை முகம் பாக்கிறேல்லை."

லூர்திலிருந்து புறப்பட்டு மலையடிவாரத்தை அடைந்தபோது வெயில் கொளுத்தியது. பஸ் மேலே ஏறாது என்று சாரதி சொல்லிவிட்டான். நடந்துதான் போக வேண்டும். பாதிப் பேர் இறங்கவில்லை. மாதாவுக்கு இங்கிருந்தே கும்பிடுகிறோம் என்றார்கள். மிச்சப் பேர் முழங்காலைப் பிடித்தபடி, முணுமுணுத்தபடி ஏறினார்கள்.

அந்த ஊர் உண்மையில் வடிவு. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். தேன் நிறக் கற்கள், ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரிலும் முட்டுகிற ஒழுங்கைகள், சுவரில் கொடி, யன்னலில் பூனை. கதவுகளுக்குப் புதிதாக நீலம் அடித்திருந்தார்கள். பாதி வீடுகள் கோடைக்கு மட்டும் வருகிற பணக்காரர்களுடையவை, மாரியில் பூட்டிக் கிடக்குமாம். மதிலருகே நின்று எட்டிப் பார்த்தால் கீழே பழத்தோட்டம். ஏணிகளில் ஆட்கள் நின்றார்கள். இப்போது வேறு நாட்டுப் பெடியன்கள். தவம் அண்ணை அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையசைக்கவில்லை.

நாங்கள் போன நாளில் ஊர்க்காரர் வீட்டுப் பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். வருடத்தில் ஒரு தடவை அப்படிச் செய்வார்களாம். கோயில் முற்றம் முழுவதும் விரிப்புகள். விளக்கு, பீங்கான், பொம்மை, பழைய உடுப்பு. ஒரு மூலையில் கோப்பிக் கடை. வெளியே கதிரைகள். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது.

கோயில் திறந்திருந்தது. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதா கோயில் என்றாலும் கோயில்தானே. வாசற்படியில் செருப்பையும் சப்பாத்தையும் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

"தவம், நீர் வரேல்லையே? செருப்பைக் கழட்டும்" என்றார் மகேஸ்வரி அன்ரி.

"நான் வெளியில நிக்கிறன் அக்கா."

அவர் நேரே கோப்பிக் கடைக்குப் போனார். நான் பின்னால் போனேன். ஒரு கதிரையை இழுத்தார். இழுத்த சத்தத்துக்கே பயந்தவர் போல என்னைப் பார்த்தார். பிறகு இருந்தார். முதுகை முழுதாகச் சாய்க்கவில்லை. ஆனால் இருந்தார். கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒருவன் உள்ளே இருந்து எங்களைக் கண்டு தலையாட்டி, மற்ற மேசையை முடித்துவிட்டு வருவதாகக் கையால் காட்டினான்.

அப்போதுதான் கோயில் வாசலில் கூக்குரல் கேட்டது.

"தவம், எங்கட செருப்பெல்லாத்தையும் காணேல்லை."

நடந்தது இதுதான். வாசற்படிக்குப் பக்கத்தில் விரிப்புப் போட்டிருந்த ஒரு கிழவன், படியில் வரிசையாக இருந்த செருப்புகளை யாரோ விற்கக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்திருக்கிறான். வெயிலில் கிடக்கிறதே என்று சோடி சேர்த்துத் தன் விரிப்பில் அடுக்கிவிட்டான். சனம் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டது. வைத்தியர் எழுதிக் கொடுத்த மெத்தை வைத்த சப்பாத்து ஒன்றை ஒருவன் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மகேஸ்வரி அன்ரியின் தங்க வார்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு இளம் பெண் முற்றத்தின் மறுகரையில் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் சுடுகல்லில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

தவம் அண்ணை எழும்பிவிட்டார். நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்கள் இருங்கோ அண்ணை. நான் பாக்கிறன்."

"உனக்குப் பாசை தெரியாது" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு தோட்டத்தில் பழகியது. அதில் கேள்விகள் இல்லை, தயவுசெய்து இல்லை. தோட்டக்காரன் அவரிடம் பேசியது மட்டும்தான் இருந்தது. அதையே அவர் அந்தப் பெண்ணிடம் பேசினார். நில். தொடாதே. கீழே வை. கெதியாய். அந்தப் பெண் பயந்துபோனாள். அவளுடைய ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். கிழவன் தன் விரிப்பைக் காத்துக்கொண்டு கத்தினான். விளக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாதான் நடுவில் வந்து, எங்கள் ஆட்களின் வெறுங்கால்களைக் காட்டி எல்லோருக்கும் விஷயத்தை விளக்கினார். முற்றம் முழுவதும் சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், கெடுதி இல்லை.

அந்த அம்மா தவம் அண்ணையிடம் ஏதோ கேட்டார். இவர் கையை நீட்டி மதிலுக்கு அப்பால் கீழே காட்டினார். அம்மா ஒரு சொல் சொல்லித் தலையாட்டிவிட்டு விளக்குகளிடம் திரும்பிவிட்டார்.

"என்ன கேட்டவ?"

"இந்தப் பாசையை எங்க பழகினது எண்டு."

"நீங்கள் காட்டின உடன என்ன சொன்னவ?"

"சீசனுக்கு வேலைக்கு வாற ஆளோ எண்டா." அவர் சிரிக்கப் பார்த்தார். "மேலூரிலயும் எவடம் எண்டு கேக்கிறாளவை தங்கச்சி."

செருப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் குனிந்து, யாருடையது எது என்று பார்த்து, அவரவர் முன்னால் வைத்தார். முதுகு வளையாத முதியவர்களுக்குக் கால் நுழைக்கவும் பிடித்துவிட்டார். கடைசியாக மகேஸ்வரி அன்ரியின் தங்க வார்ச் செருப்பு. அது முடிந்ததும் கீழே நின்ற சாரதி தொலைபேசியில் அழைத்தான். அவனுக்குச் சட்டப்படி இவ்வளவு மணித்தியாலம்தான் ஓடலாம், இப்போது வெளிக்கிடாவிட்டால் இரவுக்கு விடுதி போய்ச் சேர முடியாது. கோப்பிக் கடைக் கதிரையில் வேறு யாரோ இருந்தார்கள். நாங்கள் இறங்கினோம்.

பஸ் ஓடத் தொடங்கியதும் மகேஸ்வரி அன்ரி பின்னால் திரும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "உதுக்கே எங்களை வெயிலுக்க ஏத்தினவர்? ஒரு மெழுகுதிரி கொளுத்தக்கூட இடமில்லை. கல்லு வீடும் ஒடுக்க ஒழுங்கையும். எங்கட ஊரில இல்லாத ஒழுங்கையே?"

சிலர் ஓம் ஓம் என்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் தவம் அண்ணை மைக்கை எடுத்தார். கழிப்பறை எங்கே, சாப்பாடு எப்போது என்று சொல்லும் மைக். வழக்கமான குரலில்தான் சொன்னார்.

"அக்கா, உங்கட ஒழுங்கை எனக்கும் தெரியும். என்ர அப்பா அதுக்குள்ளால போகேக்க செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு நடந்தவர். இண்டைக்கு உங்கட செருப்பை நான் கையில பிடிச்சுக்கொண்டு வந்து தந்தனான். நான் எவடம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். அவடம்தான்."

மைக்கை வைத்துவிட்டார். பிறகு யாரோ முறுக்குப் பையைத் திறந்தார்கள். சுவிஸ் வரும்வரை ஒருவரும் அவரோடு நேராகக் கதைக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த ஒரு தாத்தா மட்டும் இறங்கும்போது அவருடைய கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

ரொறன்ரோ திரும்பி ஒரு கிழமைக்குள் முதலாளி அவரை நிறுத்திவிட்டார். யார் யார் முறைப்பாடு செய்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் முதலாளியிடமே கேட்டேன்.

"அவர் நல்லாச் செய்யிறவர்தான், நான் இல்லையெண்டேல்லை. ஆனால் கஸ்ரமர் சாதிக்கதை கேக்கக் காசு கட்டேல்லைப் பிள்ளை."

"கதையைத் தொடங்கினது கஸ்ரமர்தானே."

"அது கேள்வி. இவர் சொன்னதுதான் கதை."

அந்த வேலையை நானும் விட்டேன். எனக்கு வேறு வேலை கிடைத்தது, எனக்கு வயது இருக்கிறது. அவருக்குக் கிடைத்தது அஜக்ஸ் வெயார்ஹவுஸ். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சி ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கிலிருந்து விடியவே வானில் ஏற்றிக்கொண்டு போகும். "பழைய வான்தான் தங்கச்சி. இதில செரிப்பழம் மட்டும் இல்லை" என்று சொன்னார். கலா அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவரைப் பெட்டி தூக்க விட்டது நாங்கள். ஒரு பஸ் நிறைந்த மரியாதையான மனிதர்கள்.

மாரியில் அவரை ஒருதடவை ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தேன். அவரே வரிசையில் நின்று எனக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். "இஞ்ச கதிரை இருக்கு, ஆனால் ஒருத்தனும் வந்து கேக்கமாட்டான்" என்று பகிடி விட்டார். நான் விடவில்லை. வைகாசியில் நாங்கள் இருவரும் போவோம், குழு இல்லை, முதலாளி இல்லை, மாதா இல்லை, நேரே மேலே ஏறிக் கதிரையில் இருப்போம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "துஷாவையும் கூட்டிக்கொண்டு போவம்" என்றார். துஷா அவருடைய ஒரே மகள், இங்கே பிறந்தவள். மனைவி முன்பே இறந்துவிட்டார். லீவு கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மாசியில் செத்துப்போனார்.

செத்தவீட்டு மண்டபம் நிறைந்திருந்தது. வாழும்போது அவருக்குக் கிடைக்காத சனம். சங்கங்களின் தலைவர், செயலாளர் என்று வந்து பேசினார்கள். எல்லோரும் சிறந்த சேவையாளர் என்றார்கள். பிறகு மகேஸ்வரி அன்ரி மைக்கைப் பிடித்தார். உண்மையாகவே அழுதார்.

"தவம் எங்களுக்கு ஒரு சகோதரம் மாதிரி. பிரான்சில எங்கட செருப்பெல்லாம் துலைஞ்சு போகேக்க, ஓடி ஓடித் தேடி எடுத்து, எங்கட காலடியில கொண்டுவந்து வைச்ச மனுசன். அப்பிடியொரு பணிவு. இந்தக் காலத்தில ஆரிட்டை இருக்கு?"

சனம் உச்சுக் கொட்டியது. முன்வரிசையில் துஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கதையை அவள் அன்றுதான் முதல் தடவை கேட்கிறாள். தகப்பனை நினைத்துப் பெருமைப்பட்டாள். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வெளியே வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் துஷா தேடிக்கொண்டு வந்தாள். மேலங்கி போடாமல் குளிரில் வந்து நின்றாள்.

"அக்கா, எல்லாரும் என்னட்டை மேலூர் எவடம், மேலூர் எவடம் எண்டு கேக்கினம். ஐ டோன்ற் நோ. அப்பா எப்பவும் நாங்கள் மேலூர் எண்டுதான் சொல்லுவார். அதுதான் நோற்றிஸில போட்டனான். நான் பிழையாப் போட்டுட்டனா?"

"இல்லை. பிழையில்லை."

"அப்ப ஏன் எல்லாரும் வியர்டாப் பாக்கினம்?"

சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தேன். முப்பது வருடமாக அவளிடமிருந்து அவர் மறைத்து வைத்தது அது. நான் அவருடைய சொந்தமும் இல்லை. ஆனால் உள்ளே நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால், இவளை வைத்துச் சிரிப்பார்கள். சொன்னேன். தோட்டம், மலை, போத்தலில் தேநீர், கதிரை, செருப்பு, மைக். எல்லாவற்றையும் அவளுக்கு விளங்குகிற தமிழில் சொன்னேன். அவள் அழவில்லை. முகம் இறுகியது.

"ஸோ அந்த அன்ரி இப்ப உள்ளுக்க சொன்னது... அவவுக்குத் தெரிஞ்சுதானே சொன்னவ?"

"பஸ்ஸில முன் சீற்றில இருந்தவ. நல்லாக் கேட்டது."

"அப்பா மைக்கில என்ன சொன்னவர்? எக்ஸாக்ற்லி?"

சொன்னேன். அவள் என் பின்னால் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தாள். ஒழுங்கை என்ற இடத்தில் நின்றாள்.

"ஒழுங்கை எண்டா என்ன?"

"ரெண்டு வேலிக்கு நடுவில போற சின்ன றோட்டு."

"ஓகே."

மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை தடக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். அவள் அதை யாரிடம் சொன்னாள், சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

தவம் அண்ணை எனக்கு ஆசான் இல்லை. அவர் பொறுத்துப் போனவற்றில் பாதியை நான் பொறுத்திருக்கமாட்டேன், அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவருடைய படம் ஒன்றும் என்னிடம் இல்லை. குழுப் படங்களை எடுத்ததெல்லாம் அவர்தான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது மைக்கில் சொன்ன அந்த வசனம் மட்டும்தான். அவர் அதை வாழ்நாளில் ஒரு தடவை சொன்னார், அதற்காக வேலையை இழந்தார். நான் அதை ஒரு தடவையோடு விடப்போவதில்லை. எவடம் என்று என்னிடம் கேட்கிற ஒவ்வொருவருக்கும், அவர்கள் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், அதைத்தான் சொல்வேன்.